விளக்கை அணை, மெல்ல நட

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம். எனக்கு அப்போது பதினான்கு வயது. நாடு முழுவதும் மின்வெட்டு. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் இஷாத் தொழுகை முடிந்ததும் மேசையில் ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைப்போம். சாச்சியின் மகள்மார் இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள். நான், தங்கச்சி, அவர்கள் இருவர் என மொத்தம் நான்கு பேர். படிப்பதற்கு வெளிச்சம் போதாது. தூங்குவதற்கு வெக்கை விடாது.

மின்வெட்டு தொடங்குமுன், நானாவின் பழைய கணினிக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு விளையாட்டை நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தோம். மின்சாரம் போனதும் கதை பாதியில் நின்றது. "கொம்பியூட்டர் இல்லாம இத விளையாட ஏலாதா?" என்று தங்கச்சி கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இடையில் நான் ஒரு பிழையும் செய்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கணினியில் இருந்தது என்ன?

அந்த விளையாட்டின் பெயர் 'தீஃப்: த டார்க் புரொஜெக்ட்'. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் உருவாக்க, 1998இல் வெளிவந்தது. நான் பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முந்தியது. அதனால்தான் நானாவின் பழைய கணினியிலும் அது ஓடியது.

கதை நடப்பது ஒரு பெரிய, இருண்ட நகரத்தில். அதற்குப் பெயரே 'நகரம்'தான். கல் மாளிகைகள், தீப்பந்தங்கள், வில் அம்புகள் ஒரு பக்கம். நீராவி இயந்திரங்களும் மின்விளக்குகளும் இன்னொரு பக்கம். அங்கே கரெட் என்ற கள்ளன் இருக்கிறான். அவன் வீரன் அல்லன். இரண்டு மூன்று காவலாளிகள் சேர்ந்து வந்தால் வாளோடு நின்று அவனால் தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவே அவன் நிழலில் நிற்க வேண்டும், காது கொடுத்துக் கேட்க வேண்டும், பொறுமையாக இருக்க வேண்டும்.

திரையின் கீழே ஒரு சிறிய மணிக்கல் இருக்கும். நீங்கள் வெளிச்சத்தில் நின்றால் அது பிரகாசிக்கும், இருளில் நின்றால் கறுத்துவிடும். மற்றவர் கண்ணுக்கு நீங்கள் எவ்வளவு தெரிகிறீர்கள் என்பதை அதுதான் சொல்லும். வெளிச்சத்தைப் போலவே சத்தமும் முக்கியம். கம்பளத்திலும் புல்லிலும் நடந்தால் ஓசை வராது. ஓடு பதித்த தரையிலும் இரும்புத் தகட்டிலும் நடந்தால் தூரத்திலிருக்கும் காவலாளியும் திரும்பிப் பார்ப்பான். அவனுடைய காலடி உங்களுக்குக் கேட்கும். அவன் விசிலடிப்பதும் தனக்குத் தானே முணுமுணுப்பதும் கேட்கும். எரிக் புரோசியஸ் அமைத்த அந்த ஒலிகளைக் கேட்டால், அறைக்குள் யாரோ நிற்பது போலப் பிடரி கூசும்.

தண்ணீர் அம்பை எய்து தீப்பந்தத்தை அணைக்கலாம். ஆனால் மின்விளக்கு அதற்கு அணையாது. பாசி அம்பை எய்தால் கல் தரையில் பாசி படர்ந்து காலடி ஓசை அடங்கும். வரைபடம்கூடக் கையால் கிறுக்கிய அரைகுறைப் படம்தான். எங்கே எது இருக்கிறது என்பதை நாமே போய்க் கண்டுபிடிக்க வேண்டும்.

மேசை விளையாட்டு என்றால் என்ன?

பெற்றோர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்ற ஒவ்வொருவரும் கதைக்குள் ஒரு பாத்திரம். "முன்னால் ஒரு கதவு, அடியில் வெளிச்சம் தெரிகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். விளையாடுபவர் தான் செய்வதைச் சொல்வார். அதற்கு என்ன விளைவு என்பதை விதிகள் தீர்மானிக்கும். எழுதிவைத்த முடிவு என்று எதுவும் கிடையாது.

இந்த வகையில் புகழ்பெற்றது 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளியிட்டார்கள். அடுத்த வருடமே அதில் கள்ளன் என்ற பாத்திரமும் சேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நானா அதன் அடிப்படை விதிகளை எங்களுக்கு அச்சிட்டுத் தந்தார்.

முதலாவது இரவு

அதில் இருபது பக்கத் தாயக்கட்டை வேண்டும் என்றிருந்தது. எங்கள் ஊர்க் கடைகளில் அது எங்கே கிடைக்கும்? பக்கத்து வீட்டு லூடோப் பெட்டியிலிருந்து இரண்டு சாதாரணக் கட்டைகளை இரவல் வாங்கினேன். ஒளிந்து செல்வதற்கு எட்டுக்கு மேல் விழ வேண்டும் என்று நானே ஒரு விதியும் போட்டேன்.

தங்கச்சி மிகவும் கவனமாக விளையாடினாள். காவலாளி திரும்பும் வரை காத்திருந்தாள். தூணுக்குப் பின்னால் நின்றாள். கம்பளத்தின் மேல் மட்டும் நடந்தாள். பிறகு கட்டையை உருட்டினாள். மூன்று விழுந்தது. "காவலாளி உன்னைக் கண்டுவிட்டான்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் எல்லாம் சரியாத்தானே செஞ்ச?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. சாச்சியின் மூத்த மகளோ எதையும் யோசிக்காமல் வெளிச்சத்தில் நேராக நடந்துபோய்ப் பதினொன்று போட்டுத் தப்பிவிட்டாள். அதன் பிறகு யாருக்கும் நிழலும் தேவைப்படவில்லை, கம்பளமும் தேவைப்படவில்லை. எல்லாருடைய கண்ணும் கட்டையின் மேல்தான்.

அந்த நேரம் பார்த்து உம்மம்மா கைலாம்போடு அறைக்குள் வந்தார். மேசையைப் பார்த்தார். "தாயக்கட்டையா? இந்த வீட்டுக்குள்ள அது வேணாம் மகள்" என்றார். சத்தம் கேட்டு வாப்பாவும் வந்தார். என்ன விளையாட்டு என்று கேட்டார். கள்ளன் விளையாட்டு என்று சாச்சியின் இளைய மகள் சொல்லிவிட்டாள். அன்றோடு மேசை காலியானது.

நான் செய்த பிழை

இரண்டு நாள் சும்மா இருந்தோம். மூன்றாம் நாள் நான் கைபேசியில் எண் உருட்டும் செயலி ஒன்றைத் தேடி எடுத்தேன். உம்மம்மா தூங்கிய பிறகு போர்வைக்குள் கைபேசியை ஒளித்துக்கொண்டு, கிசுகிசுத்தபடி நால்வரும் விளையாடினோம். கட்டை இல்லைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாதியில் தங்கச்சி கேட்டாள்: "உம்மாவுக்குத் தெரியுமா?"

ஒளிந்து விளையாடும் விளையாட்டை வீட்டாருக்கே ஒளித்து விளையாடுகிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதைக்குள் ஒளிவது வேறு. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஒளிப்பது வேறு. என்னைவிட ஐந்து வயது இளையவளுக்கு நான்தான் அதைப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு வாப்பாவிடம் போய்ச் சொன்னேன். ஏச்சு விழும் என்றுதான் நினைத்தேன். வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு உட்காரச் சொன்னார். தாயக்கட்டை உருட்டி விளையாடுவதை மார்க்க அறிஞர்கள் பலர், காசு வைக்காவிட்டாலும் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள் என்று விளக்கினார். கைபேசியில் உருட்டினால் மட்டும் அது வேறாகிவிடுமா என்றும் கேட்டார். கடைசியில், "கட்டை இல்லாம இத விளையாட ஏலாதா?" என்றார்.

தங்கச்சியும் இதே போன்ற ஒரு கேள்வியைத்தான் கேட்டிருந்தாள். அவள் கணினி இல்லாமல் ஏலாதா என்றாள், வாப்பா கட்டை இல்லாமல் ஏலாதா என்றார்.

அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது?

மின்சாரம் வந்த நேரத்தில் கணினி விளையாட்டை மீண்டும் போட்டு, இந்த முறை கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்து பார்த்தேன். கரெட் எப்போது பிடிபடுகிறான்? வெளிச்சத்தில் நின்றதால், ஓட்டுத் தரையில் ஓடியதால், காவலாளி திரும்பும் நேரத்தைக் கணக்கெடுக்காததால். ஒவ்வொரு முறையும் காரணம் தெரிந்தது. காவலாளி தன் வழியிலேயே போய் வருகிறான். விளக்கு அதன் இடத்திலேயே இருக்கிறது. தோற்றால் அது என் பிழை, வென்றால் அது என் கவனம்.

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் பழைய விதிகளில், முதல் நிலையிலுள்ள கள்ளன் நிழலில் மறைவதற்கு நூற்றுக்குப் பத்துத்தான் வாய்ப்பு. எவ்வளவு கவனமாக இருந்தாலும் பத்தில் ஒன்பது முறை தோல்வி. வாளெடுத்துச் சண்டையிடும் கதைக்குக் கட்டை பொருந்தலாம். சண்டையில் எதிர்பாராதது நடக்கும்தானே. ஒளிந்து செல்லும் கதையில் பயம் வருவது தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவிலிருந்து. காவலாளி எங்கே நிற்கிறான், இந்தத் தரை சத்தம் போடுமா, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற கேள்விகள்தான் நெஞ்சை இடிக்க வைக்கின்றன. கட்டையை உருட்டிய உடனே அந்தக் கேள்விகள் எல்லாம் ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகின்றன.

வாப்பா மார்க்கத்திற்காக வேண்டாம் என்றார். விளையாட்டுக்கும் அது வேண்டாம் என்று நான் கண்டுகொண்டேன்.

எங்கள் விதிகள்

இரண்டு கிழமை முயன்று, கட்டை இல்லாத விதிகளை எழுதினோம்.

முதலாவது, காவலாளியின் வழி. விளையாட்டுக்கு முன்பே சதுரக் கோட்டுக் கொப்பியில் இடத்தை வரைந்து, காவலாளி எந்த நேரத்தில் எந்தச் சதுரத்தில் இருப்பான் என்று எழுதி வைத்துவிடுவேன். விளையாடும்போது அதை மாற்றமாட்டேன். கதைசொல்லி தன் விருப்பத்திற்கு யாரையும் பிடிக்க முடியாது என்பதுதான் இதன் நன்மை. நேரத்தை 'மூச்சு' என்று எண்ணுவோம். மெல்ல நடந்தால் ஒரு மூச்சுக்கு ஒரு சதுரம், ஓடினால் மூன்று.

இரண்டாவது, வெளிச்சம். மட்டையில் கறுப்பு, சாம்பல், வெள்ளை என மூன்று பெட்டிகள் வரைந்து, ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை வைத்திருப்போம். கரெட்டின் மணிக்கல்லுக்குப் பதில் இதுதான். இருளில் நின்றால் காவலாளி பக்கத்துச் சதுரத்திற்கு வந்தால்தான் காண்பான். அரை வெளிச்சத்தில் மூன்று சதுரத் தூரத்தில் காண்பான். முழு வெளிச்சத்தில், அவன் பார்வை போகும் இடமெல்லாம் காண்பான்.

மூன்றாவது, சத்தம். புல்லும் கம்பளமும் பூச்சியம். மண்ணும் பலகையும் ஒன்று. கல் இரண்டு. ஓடும் இரும்பும் மூன்று. ஓடினால் இன்னும் இரண்டு கூடும். அந்த எண்ணை இரண்டால் பெருக்கினால், எத்தனை சதுரத் தூரத்திற்குக் கேட்கும் என்பது வரும்.

நான்காவது, சந்தேகம். ஜோன் ஹாப்பர் 2017இல் வெளியிட்ட 'பிளேட்ஸ் இன் த டார்க்' என்ற மேசை விளையாட்டில் ஒரு நல்ல முறை இருக்கிறது. ஒரு வட்டத்தை வரைந்து துண்டுகளாகப் பிரித்து, ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொரு துண்டாக நிறம் தீட்டுவார்கள். அதிலும் கட்டை உண்டு. நாங்கள் வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆறு துண்டுகள். காவலாளிக்கு ஒரு சத்தம் கேட்டால் ஒரு துண்டு. மூன்று நிறைந்தால் "யார் அங்கே?" என்று தேடி வருவான். ஆறும் நிறைந்தால் மணி அடிப்பான். மூன்று மூச்சு அமைதியாக இருந்தால் ஒரு துண்டை அழிக்கலாம். வட்டம் எல்லாருக்கும் தெரியும்படி மேசை நடுவில் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பது எந்தக் கட்டையையும்விடப் பயமாக இருக்கும்.

ஐந்தாவதை உருவாக்கியது உம்மம்மாதான், அவருக்கே தெரியாமல். அவர் பக்கத்து அறையில் தூங்குவார். ஆகவே விளையாடும்போது யாராவது சத்தமாகப் பேசினாலோ சிரித்தாலோ வட்டத்தில் ஒரு துண்டு நிறையும். கணினியில் கரெட் தனி ஆள். மேசையிலோ மூன்று பேர் விளையாடுகிறார்கள். மூன்று பேர் கலகலவென்று பேசினால் ஒளிந்து போகும் உணர்வு எப்படி வரும்? இந்த விதி வந்த பிறகு எல்லாரும் தாமாகவே கிசுகிசுக்கத் தொடங்கினார்கள். கதைக்குள்ளும் மேசையிலும் ஒரே அமைதி.

களவு பற்றிய கேள்வி

கட்டை போன பிறகும் வாப்பாவின் இன்னொரு கேள்வி மீதமிருந்தது. "களவெடுக்கிறத ஏன் மகள் விளையாட்டா விளையாடணும்?"

கணினி விளையாட்டைப் பற்றி ஒன்றைச் சொன்னேன். பல விளையாட்டுகளில் கடினத்தைக் கூட்டினால் எதிரிகளின் பலம்தான் கூடும். தீஃபில் கடினம் கூடும்போது கட்டுப்பாடும் கூடும். மிகக் கடினமான நிலையில், பெரும்பாலான பணிகளில் மனிதர் எவரையும் கொல்லக்கூடாது. கொன்றால் பணி தோல்வி. திறமை கூடியவனுக்குப் பொறுப்பும் கூட என்பதுதான் அதன் கணக்கு.

"அது சரி. ஆனா எடுக்கிறது மத்தவங்கட சாமான்தானே?" என்றார் வாப்பா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு அவரே ஒரு வரலாற்றைச் சொன்னார். மதீனாவில் வாழ்ந்த இமாம் ஸைனுல் ஆபிதீன் இரவில் உணவு மூட்டைகளைத் தன் முதுகில் சுமந்து, ஏழைகளின் வீடுகளுக்கு யாருக்கும் தெரியாமல் கொண்டு சேர்ப்பாராம். அவர் மரணித்து, அந்த உதவி நின்ற பிறகுதான் கொடுத்தவர் யார் என்று மக்களுக்குத் தெரிந்ததாம்.

அன்றிரவு எங்கள் கதை திரும்பியது. பாத்திரங்கள் இனி எடுக்கப் போவதில்லை, வைத்துவிட்டு வரப் போகிறார்கள். ஊரடங்கு போட்ட ஒரு கற்பனை நகரம். கொடுப்பவர் யாரென்று வாங்குபவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் பணி தோல்வி. ஆரம்பத்தில் சுவை குறைந்துவிடுமோ என்று நினைத்தேன். குறையவில்லை. நிழலும் ஓசையும் காத்திருப்பும் அப்படியே இருந்தன. காவலாளிக்கு மட்டுமல்லாமல், தூங்குபவருக்கும் பயப்பட வேண்டியிருந்ததால் கடினம் இன்னும் கூடியது.

சத்திரத்தில் ஓர் இரவு

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். ஒரு சத்திரத்தின் கடைசி அறையில் கடன்பட்ட நெசவாளி தூங்குகிறார். அவருடைய தலையணைக்கடியில் பணப்பையை வைக்க வேண்டும். அறைக்குப் போகும் வழி எட்டுச் சதுரம், முழுவதும் ஓட்டுத் தரை, நடுவில் ஒரு தீப்பந்தம். ஒரு காவலாளி இருபது மூச்சுக்கு ஒரு சுற்று வருவான். அதில் பத்து மூச்சு முற்றத்தில் இருப்பான். இன்னொருவன் வழியோரம் ஓர் அறையில் கதவைத் திறந்துவைத்துச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். ஓட்டில் கால் வைத்தால் அவனுக்குக் கட்டாயம் கேட்கும்.

தீப்பந்தத்திற்குத் தண்ணீர் இருந்தது. தரைக்குத்தான் வழியில்லை. நான் முன்கூடத்தை விபரித்தபோது சொன்ன ஒரு சொல்லைத் தங்கச்சி பிடித்துக்கொண்டாள். "அங்க ஒரு நீளக் கம்பளம் இருக்கு எண்டு சொன்னீங்கதானே?" மூவரும் அதைச் சுருட்டித் தூக்கி வந்து, காவலாளி முற்றத்திற்குப் போனதும் விரித்துக்கொண்டே அதன் மேல் நடந்தார்கள். எட்டு மூச்சு. ஓசை பூச்சியம். நான் இதை எதிர்பார்க்கவே இல்லை.

அறைக்குள் போய்ப் பணப்பையை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார்கள். காவலாளி கடந்து போகும் காலடியைக் கேட்டுவிட்டு வெளியேறுவது அவர்கள் திட்டம். "என்ன கேட்கிறது?" என்று கேட்டார்கள். "ஒன்றும் கேட்கவில்லை" என்றேன். மறுபடி கேட்டார்கள். ஒன்றுமில்லை. அப்போதுதான் விளங்கியது. கம்பளம் தங்கள் காலடியை மறைத்தது போலக் காவலாளியின் காலடியையும் மறைத்துவிட்டது. அவன் தூரத்தில் இருக்கிறானா, கதவுக்கு வெளியே நிற்கிறானா என்று இப்போது யாருக்கும் தெரியாது.

மெழுகுதிரி வெளிச்சத்தில் மூன்று முகங்களும் உறைந்துபோயிருந்தன. அதுவரை வாய் திறக்காத சாச்சியின் இளைய மகள் விரல்களைக் காட்டினாள். ஆரம்பத்திலிருந்தே அவள் மூச்சுகளை விரலில் எண்ணிக்கொண்டிருந்தாள். "இன்னும் நாலு" என்று கிசுகிசுத்தாள். நான்கு மூச்சு காத்திருந்து வெளியேறினார்கள். கொப்பியைத் திறந்து பார்த்தேன். காவலாளி அந்த நேரம் சரியாக முற்றத்தில்தான் இருந்தான். கட்டை உருட்டியிருந்தால் அந்த எண்ணிக்கைக்கு எந்தப் பெறுமதியும் இருந்திருக்காது.

முடிவாக

இப்போது மின்வெட்டு இல்லை. எனக்கு உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது, அதனால் விடுமுறைக்கு மட்டும்தான் விளையாடுகிறோம். வாப்பாவுக்கு இதில் இன்னும் முழு விருப்பம் இல்லை. "படிப்பு முடியட்டும்" என்பார். ஆனால் வாசலில் நின்று கொஞ்சம் கேட்டுவிட்டுத்தான் போவார். உம்மம்மாவோ, நாங்கள் விளையாடும் இரவுகளில்தான் வீடு அமைதியாக இருப்பதாகச் சொல்கிறார்.

அன்புச் சகோதரிகளே, நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு சதுரக் கோட்டுக் கொப்பி, ஒரு பென்சில், நான்கு பொத்தான்கள், ஒரு மெழுகுதிரி போதும். உங்களுக்குப் பிடித்த ஒரு விளையாட்டையோ கதையையோ மேசைக்குக் கொண்டுவரும்போது, அதில் உங்களைப் பயப்படவும் சிரிக்கவும் வைத்தது எது என்று முதலில் தேடிப் பாருங்கள். அதை வைத்துக்கொண்டு மற்றதை உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றலாம். நாங்கள் கட்டையையும் களவையும் விட்டோம். இருளையும் காலடியையும் விடவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் விளையாட்டில் பிழை கண்டால் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, என் வாப்பா கேட்டது போல ஒரு கேள்வியும் கேளுங்கள். அந்தக் கேள்வி வந்திராவிட்டால் நான் இன்னும் போர்வைக்குள்தான் விளையாடிக்கொண்டிருப்பேன்.

– உயர்தர மாணவி, கலைப் பிரிவு